முந்திரித் தோப்பும் நாட்டுத் தேனீக்களும்

அரியலூர் ஜில்லாவில் ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் முதலிய ஊர்களின் செம்மண் நிலங்களில் முந்திரி முக்கியமான மானாவாரிச் சாகுபடியாகும். தை, மாசி மாதங்களில் தோப்பெல்லாம் பூத்த போதிலும், அப்பூக்களுள் மிகச் சொற்பமே காயாகின்றன என்பதைக் குடியானவர்கள் அறிவார்கள். பனியும் பூச்சியும் இதற்கு ஓரளவு காரணம். பலரும் கவனியாத காரணம் வேறொன்றுண்டு. பூவுக்குப் பூ மகரந்தம் கொண்டு சேர்க்கும் ஜீவன்கள் குறைந்தால் காய்ப்பும் குறையும்.

முந்திரியின் ஒரே பூங்கொத்தில் ஆண் பூக்களும், ஆண் பெண் பாகங்கள் இரண்டும் அமைந்த பூக்களும் கலந்திருக்கும். பின்னதே காயாவது; தொகையில் முன்னதே மிகுதி. மகரந்தம் பிசுபிசுப்புள்ளதாகையால் காற்றில் எளிதில் பரவாது. பூச்சிகளே அதைச் சுமக்க வேண்டும். இவ்வேலை பெரும்பாலும் முற்பகலில் நடைபெறுகிறது.

இதற்குத் தேனீப் பெட்டி வைத்தால் போதாதோ எனில், பெட்டி நல்லதே. 1910-ஐ ஒட்டித் திருச்சிராப்பள்ளியில் நியூட்டன் பாதிரியார் நம் நாட்டுத் தேனீக்கு ஏற்ற பெட்டியொன்றை அமைத்தார். கன்னியாகுமரி ஜில்லா மார்த்தாண்டத்தில் தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கமே ஏற்பட்டது. ஆயினும் 1991, 1992 வருஷங்களில் ‘தாய் சாக்புரூட்’ என்னும் நச்சுயிரி நோய் தென்னாட்டில் பரவி, ஏராளமான பெட்டிகளை வெறுமையாக்கிற்று. ஓரினத்தையே நம்பியிருத்தல் ஆபத்து என்பது இதனால் விளங்கும்.

புதர்க் கிளையில் ஒற்றை அடை கட்டும் கொம்புத் தேனீ, சுவர்ப் பொந்தில் வாழும் கொட்டாத கொசுத் தேனீ ஆகியவையன்றி, தனித்தனியே கூடமைக்கும் சிறு தேனீக்கள் பல உண்டு. சில தரையில் வளை தோண்டும். சில காய்ந்த குச்சியைக் குடைந்து முட்டையிடும். தேன் தராமையால் இவற்றை ஒருவரும் பொருட்படுத்துவதில்லை. உலர்ந்த மரத்தைத் துளைக்கும் பெரிய கருவண்டும் தேனீக் குடும்பத்தைச் சேர்ந்ததே. அது கத்தரிப் பூவைப் பற்றி உடலை அதிரச் செய்து மகரந்தத்தை உதிர்க்கும். பெட்டித் தேனீக்கு இவ்வித்தை தெரியாது.

இவற்றைப் பேணுவதற்குரிய காரியங்கள் மூன்று.

முதலாவது, இருப்பிடம். தோப்பின் ஓரத்தில், நீர் தேங்காத, வெயில் படும் மேட்டில் சிறிது நிலத்தை உழாமல் விட வேண்டும். கொட்டை பொறுக்கத் தரையைக் கூட்டுவதால் பெருங்கேடில்லை. ஆழ உழுதால் கூடுகள் சிதையும். காய்ந்த குச்சிகள் அனைத்தையும் எரித்து விடலாகாது. ஒருபுறம் கணு மூடிய மெல்லிய மூங்கில் துண்டுகளைச் சாண் நீளத்தில் நறுக்கிக் கட்டாகக் கட்டி, மழை நனையாத தாழ்வாரத்தில் தொங்கவிடலாம்.

இரண்டாவது, ஆகாரம். முந்திரி பூப்பது சில மாதங்களே. மற்றைக் காலத்தில் தேனீ எதை உண்ணும்? வேலியோரத்தில் புங்கு, வேம்பு, இலந்தை, முருங்கை ஆகியவையும், கொல்லையில் துளசியும் இருப்பின் ஒன்று ஓய ஒன்று பூக்கும். மழைக்குப் பின் தானே முளைக்கும் தும்பையைக் களையென்று முற்றும் அழிக்க வேண்டுவதில்லை.

மூன்றாவது, மருந்து. தேயிலைக் கொசு தளிரையும் பூங்கொத்தையும் கருகச் செய்வதால், மருந்தடிப்பது சில சமயம் அவசியமாகலாம். கொழுந்து விடும்போதும் கொத்து தலைகாட்டும்போதும் பூச்சியின் சேதத்தைப் பார்த்து அடித்தால், பூ விரிந்தபின் அடிக்கும் தேவை குறையும். விரிந்த பூவில் முற்பகலில் அடித்தல் கூடவே கூடாது. தவிர்க்க முடியாவிடில் பொழுது சாயும் வேளையே தக்கது.

தேனீக்கு வரப்பு என்பது இல்லை. ஒருவர் பேணி வளர்த்ததை அண்டைத் தோப்பின் மருந்து ஒரே காலையில் அழித்துவிடக்கூடும். ஆதலின் இது தனி மனிதரால் முடியும் காரியமன்று. மார்கழி மாதத்திலேயே சங்க அங்கத்தினர்கள் கூடி, மருந்தடிக்கும் நாளையும் வேளையையும் பொதுவில் நிச்சயித்துக் கொள்வார்களாயின், செலவின்றி ஊருக்கு நன்மை உண்டாகும்.