இன்றைய திறமைக்கேற்ற பாராசூட்: ஸ்கைடைவிங் கருவிகளின் தேர்வும் பொருத்தமும்

ஏறத்தாழ 13,000 அடி உயரத்தில் விமானத்தை விட்டு நீங்கி, வயிறு தரையை நோக்கியிருக்குமாறு உடலை விரித்து, மணிக்கு 190 கிலோமீட்டர் அளவிலான வேகத்தில் ஒரு நிமிடம் வரை வீழ்ந்து, அதன் பின் பாராசூட்டை விரித்துத் தரையிறங்குவதே ஸ்கைடைவிங் என்னும் விளையாட்டின் பொது வடிவம். பாராசூட் விரியாமற் போய்விடுமோ என்பதுதான் இதனை வெளியிலிருந்து பார்ப்போரின் முதல் அச்சம். ஆனால் அமெரிக்கப் பாராசூட் சங்கத்தின் கணக்குப்படி, 2023ஆம் ஆண்டில் அந்நாட்டில் நிகழ்ந்த ஏறத்தாழ 36 லட்சத்து 50 ஆயிரம் குதிப்புகளில் உயிரிழந்தோர் 10 பேர். இவ்விளையாட்டில் நேரும் மரணங்களிலும் கடுங்காயங்களிலும் கணிசமானவை, குறையேதுமின்றி விரிந்த பாராசூட்டின் கீழேயே, தரையிறங்கும் கடைசி நொடிகளில் நேர்வன என்பதையும் சேர்த்துப் பார்க்கும்போது, கருவி தரமானதா என்ற கேள்வியோடு நின்றுவிடாமல், அது அணிபவரின் உடலுக்கும் இன்றைய பயிற்சிக்கும் ஏற்றதா என்று கேட்பது எத்துணை இன்றியமையாதது என்பது விளங்கும்.

முதுகில் ஏறும் தொகுதி

குதிப்பவர் முதுகில் சுமக்கும் முழுத் தொகுதியையும் ‘ரிக்’ என்பர். தோள், மார்பு, தொடை ஆகியவற்றைச் சுற்றிவரும் பட்டைகளும், அவற்றோடு தைக்கப்பட்ட ஒரு பையும், அப்பையின் இரு அறைகளில் மடித்து வைக்கப்பட்ட முதன்மைப் பாராசூட், மாற்றுப் பாராசூட் ஆகிய இரண்டும் சேர்ந்ததே ரிக். இன்று பயன்படும் பாராசூட்டுகள் பழைய வட்டக் குடைகளிலிருந்து பெரிதும் வேறுபட்டவை; முன்பக்கம் திறந்த அறைகளில் காற்று புகுந்து நிரம்புவதால் விறைத்து, விமானத்தின் இறக்கையைப் போலவே முன்னோக்கிப் பறப்பவை. 1960களில் டோமினா ஜால்பர்ட் என்பவர் உருவாக்கிய இவ்வடிவமே பாராசூட்டை இறங்கும் கருவி என்ற நிலையிலிருந்து ஓட்டப்படும் கருவியாக மாற்றியது. எனவே ஓட்டுபவரின் திறமை என்ற கூறும் பாதுகாப்புக் கணக்கிற்குள் வந்து சேர்ந்தது.

முதன்மைப் பாராசூட் முறுக்கிக்கொண்டோ பாதி விரிந்தோ ஓட்ட இயலாத நிலையில் இருந்தால், அதனை உடலிலிருந்து அறுத்துவிட்டு மாற்றுப் பாராசூட்டை விரிக்க வேண்டும். 1970களில் பில் பூத் உருவாக்கிய மூன்று வளைய விடுவிப்பு இதற்காகவே உள்ளது. ஒவ்வொரு தோளிலும் பெரியது, நடுத்தரம், சிறியது என மூன்று உலோக வளையங்கள் ஒன்றினுள் ஒன்று மடிந்து நிற்க, ஒவ்வொரு வளையமும் நெம்புகோலாகச் செயற்பட்டுப் பாரத்தைப் பல மடங்கு குறைப்பதால், இறுதியில் ஒரு சிறு கயிற்று வளையமும் அதனூடே செல்லும் மெல்லிய கம்பியும் முழு எடையையும் தாங்கிவிடுகின்றன. வலப்பக்கக் கைப்பிடியை இழுத்தால் அக்கம்பி உருவிக்கொண்டு வர, வளையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்றுவிடும். இவ்வளவு எளிய அமைப்பும் பராமரிப்பைக் கோருகிறது: நீண்ட நாள் மடிந்தே கிடக்கும் பட்டை விறைத்துவிட்டால் வளையங்கள் எளிதில் கழலா, ஆகையால் மாதம் ஒருமுறை அவற்றைப் பிரித்து, பட்டையை முறுக்கி இளக்கி, கம்பியைத் துடைத்து மீண்டும் பூட்டுவது வழக்கம்.

அறுபட்டு விலகும் முதன்மைப் பாராசூட்டே மாற்றுப் பாராசூட்டின் பூட்டு ஊசியை இழுத்துத் திறக்குமாறு இணைக்கும் பட்டை ஒன்றும் உண்டு. ஆர்எஸ்எல் எனப்படும் இதனைப் புதியவர்கள் கழற்றாமல் வைத்துக்கொள்வதே நலம். இவற்றோடு, குதிப்பவர் மயங்கியோ உயரத்தை மறந்தோ விழுந்துகொண்டிருந்தால் தானே மாற்றுப் பாராசூட்டைத் திறக்கும் மின்னணுக் கருவியும் பையினுள் இருக்கும். ஜெர்மனியின் ஹெல்முட் க்ளோத் வடிவமைத்து 1991இல் வெளிவந்த சைப்ரஸ் இவ்வகையில் புகழ்பெற்றது. அதன் அனுபவசாலிகளுக்கான வகை, ஏறத்தாழ 750 அடி உயரத்தில் வீழ்ச்சி வேகம் நொடிக்கு 35 மீட்டரைத் தாண்டியிருந்தால் செயற்படும். மாணவர் வகையோ நொடிக்கு 13 மீட்டரிலேயே செயற்பட்டுவிடும். தாழ்வான உயரத்தில் வேகமாகச் சுழன்று இறங்கும் பழக்கம் உடையவர் மாணவர் வகையை அணிந்தால், நன்கு பறந்துகொண்டிருக்கும் பாராசூட்டோடு மற்றொன்றும் விரிந்து ஆபத்து நேரக்கூடும் என்பதால், எந்த வகை என்பதை அறிந்து அணிய வேண்டும். இக்கருவி, அதனை இயக்கிய இடத்தின் தரைமட்டத்தையே பூஜ்ஜியமாகக் கொள்கிறது. எனவே விமானம் புறப்படும் இடமும் இறங்கும் இடமும் வெவ்வேறு உயரத்தில் இருக்குமாயின் அவ்வேறுபாட்டைக் கருவியில் பதிவு செய்தாக வேண்டும்.

எடையும் பரப்பும்

புதியவர் ஒருவர் செய்யும் தேர்வுகளில் மிகவும் முக்கியமானது பாராசூட்டின் அளவு. குதிப்பவரின் உடல், உடை, கருவிகள் எல்லாம் சேர்ந்த எடையைப் பவுண்டில் எடுத்து, பாராசூட்டின் பரப்பைச் சதுர அடியில் எடுத்து, முன்னதைப் பின்னதால் வகுக்கக் கிடைக்கும் எண்ணை ‘விங் லோடிங்’ என்பர். இதனை இறக்கைச் சுமை எனக் கூறலாம். 75 கிலோ எடையுள்ளவர் 12 கிலோ உடையும் கருவியும் அணிந்தால் மொத்தம் 87 கிலோ, அதாவது ஏறத்தாழ 192 பவுண்டு ஆகிறது. அவர் 230 சதுர அடிப் பாராசூட்டில் பறந்தால் இறக்கைச் சுமை 0.83, 190 சதுர அடியில் ஏறத்தாழ 1.0, 150 சதுர அடியில் 1.28. எண் கூடக் கூடப் பாராசூட் விரைந்து முன்னேறும். பின்விளிம்பைக் கீழிழுக்கும் பிரேக்கைச் சற்றே இழுத்தாலும் சடுதியில் திரும்பும். திரும்பும்போது அதிக உயரத்தை இழக்கும். செய்த பிழையைத் திருத்திக்கொள்ளக் கிடைக்கும் நேரமும் சுருங்கும். பயிற்சி முடித்து முதல் உரிமம் பெற்றவர்கள் 1.0 அல்லது அதற்கும் குறைவான சுமையில் இருப்பது நல்லது என்பது துறையில் பரவலாக ஏற்கப்பட்ட அறிவுரை.

இவ்வெண் ஒன்றையே நம்பிவிடவும் கூடாது. 50 கிலோ எடையுள்ள ஒருவர் 1.0 என்ற கணக்கைப் பிடித்துக்கொண்டு சிறிய பாராசூட்டைத் தேர்ந்தால், அதன் கயிறுகளும் குட்டையாக இருப்பதால், அதே சுமையில் பறக்கும் பெரிய பாராசூட்டைவிட அது துடிப்பாகத் திரும்பும். எடை குறைந்தவர்கள் இதனாலேயே 1.0க்கும் நன்கு கீழே நிற்க வேண்டும். கடல்மட்டத்தில் பழகிய பாராசூட், உயரமான மேட்டுநிலத்திலும் கடும் வெயில் நாளிலும் காற்றின் அடர்த்தி குறைவதால் மேலும் வேகமாகத் தரையை நெருங்கும் என்பதும் கணக்கில் சேர வேண்டும்.

வளரும் பிள்ளைக்கு இரண்டு அளவு பெரிதாகச் சட்டை எடுப்பது போல, நாளை வரப்போகும் திறமையை எண்ணி இன்றே சிறிய பாராசூட்டை வாங்கிவிடுவோர் பலர். இன்னொரு முறை செலவு செய்வானேன் என்பதே அவர்கள் சொல்லும் காரணம். சட்டை பெரிதாக இருந்தால் காத்திருக்கலாம். பாராசூட் வேகமாக இருந்தால் அடுத்த தரையிறக்கமே சோதனையாகிவிடும். தரைக்குச் சில அடி மேலே இரு பிரேக்குகளையும் ஒருசேர இழுத்து வேகத்தைத் தணிக்கும் ‘ஃப்ளேர்’ என்னும் செயலும், தாழ்ந்த உயரத்தில் தடை எதிர்ப்பட்டால் சமநிலை குலையாமல் மெல்லத் திரும்பும் செயலும் எல்லாக் காற்று நிலைகளிலும் கைவந்த பிறகே, ஒரே ஒரு அளவு குறைத்து அடுத்த பாராசூட்டுக்குச் செல்ல வேண்டும்.

மாற்றுப் பாராசூட்டின் அளவைப் பற்றி வாங்குவோர் எண்ணிப் பார்ப்பது அரிது. மயங்கிய நிலையில் மின்னணுக் கருவியால் அது விரியுமாயின், ஓட்டுவார் இன்றியே தரையை அடையும். அவ்வேளையில் பெரிய பரப்பே உயிரைக் காக்கும். ரிக்கின் பையோ குறிப்பிட்ட அளவுப் பாராசூட்டுகளுக்கென்றே தைக்கப்படுவது என்பதால், முதுகில் சிறியதாகத் தோன்றும் பையை அழகுக்காக விரும்புபவர், தம்மை அறியாமலே சிறிய மாற்றுப் பாராசூட்டையும் தேர்ந்துவிடுகிறார்.

துணியும் கயிறும்

பாராசூட்டின் நைலான் துணியில் இரு வகை உண்டு. காற்றைச் சிறிதளவு கசியவிடும் எஃப்-111 வகைத் துணி மடிக்க எளிது. ஆனால் சில நூறு குதிப்புகளில் கசிவு மிகுந்து தாங்குதிறன் குறையும். காற்றே புகாதபடி பூச்சிட்ட துணி நெடுங்காலம் உழைத்து, நல்ல ஃப்ளேரையும் தரும். ஆனால் புதிதாக இருக்கையில் வழுக்கிக்கொண்டு மடிப்பவரின் கைக்கு அடங்காமல் திமிறும். இன்றைய முதன்மைப் பாராசூட்டுகளில் பெரும்பாலும் பின்னதே பயன்படுகிறது.

கயிறுகளில், தடித்த டாக்ரான் சற்று இழுபடும் இயல்புடையதால் விரியும் அதிர்ச்சியைத் தணிக்கும். மாணவர்க்கும் ஒளிப்படம் எடுப்போர்க்கும் அது உகந்தது. மெல்லிய ஸ்பெக்ட்ரா கயிறு எடை குறைந்தது, வலியது. எனினும் ஒரு குறையுடையது. பாராசூட் விரியும் வேகத்தை மட்டுப்படுத்த, கயிறுகளினூடே மேலிருந்து கீழே வழுக்கி வரும் ‘ஸ்லைடர்’ என்னும் சதுரத் துணியின் உலோக வளையங்கள் உரசி எழுப்பும் சூட்டில் அக்கயிறு குதிப்புக்குக் குதிப்பு சுருங்குகிறது. பிரேக் கயிறுகள் சுருங்கும்போது பாராசூட்டின் பின்விளிம்பு எப்போதும் சற்றே கீழிழுக்கப்பட்டு, பிரேக் பிடித்தபடியே பறப்பது போன்ற நிலை உண்டாகும். நன்கு இறங்கிக்கொண்டிருந்த பாராசூட் நாளடைவில் தரையிறக்கத்தில் ஏமாற்றத் தொடங்குவதற்கு இதுவே காரணமாக இருப்பதுண்டு. போதிய உயரத்தில் பறக்கையில் பிரேக் கைப்பிடிகளை முழுதும் மேலே விட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தால், பிரேக் கயிறுகள் காற்றில் சிறிதே வளைந்து தொய்ந்திருக்க வேண்டும். விறைத்து நின்று பின்விளிம்பை மடக்கினால் கயிறு குட்டையாகிவிட்டது என்று பொருள். அளவுக்கு மீறி நீண்டிருந்தாலோ, கைகளை முழுதும் கீழிறக்கினாலும் ஃப்ளேர் போதாது. இவ்விரண்டையும் சரிசெய்வது ரிக்கர் எனப்படும் உரிமம் பெற்ற பாராசூட் பராமரிப்பாளரின் வேலை.

உடலோடு பொருந்துதல்

பட்டைகளின் பொருத்தத்தைப் பலர் சொகுசு சார்ந்ததாகக் கருதினும், அது பாதுகாப்பு சார்ந்தது. தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கும் முதன்மைப் பட்டை உடலுக்கு நீளமாக இருந்தால், பாராசூட் விரிந்தவுடன் பட்டை மேலேறிவிட, அவசரக் கைப்பிடிகள் வழக்கமான இடத்தில் இரா. அவற்றைத் தேடும் ஓரிரு நொடிகளில் நூற்றுக்கணக்கான அடி உயரம் கரைந்துவிடும். இப்பட்டையின் நீளம் தையலால் நிலைப்படுத்தப்படுவதால், பிறர் பயன்படுத்திய ரிக்கை வாங்குவோர் தம் அளவுக்கு அதனை மாற்றித் தைக்க வேண்டியிருக்கும். தலைகீழாகவோ அமர்ந்த நிலையிலோ வீழப் பழகுவோரின் தொடைப் பட்டைகள் முழங்காலை நோக்கி நழுவாதிருக்க, இரு பட்டைகளையும் பின்புறம் இணைக்கும் மீள்கயிறு ஒன்று உதவும்.

மிகச் சிறிய பொருளே மிகப் பெரிய கேட்டை விளைவிக்கலாம் என்பதற்கு, முதன்மைப் பாராசூட்டின் அறையைப் பூட்டி வைக்கும் கயிற்று வளையம் தக்க சான்று. விரல் நீளமேயுள்ள இக்கயிறு நான்கு மடிப்புத் துணிகளின் துளைகள் வழியே ஏறி நிற்க, அதன் நுனியில் ஒரு வளைந்த ஊசி செருகப்படுகிறது. கயிறு பிசிறுவிட்டாலோ தளர்ந்து ஊசி எளிதில் நழுவினாலோ, விரிக்க எண்ணாத வேளையில் பாராசூட் விரிந்துவிடும்: அது விமானத்தின் கதவருகே நேர்ந்தால் துணி விமானத்தின் வாலில் சிக்கி உள்ளிருக்கும் அனைவரையும் ஆபத்தில் ஆழ்த்தும், தலைகீழாக மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் வீழ்கையில் நேர்ந்தால் அதிர்ச்சியில் துணியும் உடலும் ஒருசேர நொறுங்கும். மிகச் சொற்பச் செலவில் மாற்றக்கூடிய இக்கயிற்றைப் பிசிறு தெரிந்த அன்றே மாற்றிவிட வேண்டும். முதன்மைப் பாராசூட்டை வெளியே இழுக்கும் ‘பைலட் சூட்’ என்னும் சிறு குடை செருகியிருக்கும் மீள்துணிப் பையும் இவ்வாறே இறுக்கமாக இருக்க வேண்டும். மடிக்கும்போது அச்சிறு குடையை இயங்குநிலைக்குக் கொண்டுவர மறந்தால் அது காற்றைப் பிடிக்காமல் வெறுமனே பின்னால் இழுபடும் என்பதால், இணைப்புப் பட்டையிலுள்ள சிறு சாளரத்தில் நிறக் குறி தெரிகிறதா என்று பார்த்த பின்னரே பையை மூட வேண்டும்.

உடையும் உயரமானியும்

குழுவாக வீழும்போது எல்லோரும் ஒரே வேகத்தில் இருந்தாக வேண்டும் என்பதால், எடை மிகுந்தவர் தளர்ந்த உடையையும் எடை குறைந்தவர் வழவழப்பான இறுகிய உடையையும் அணிந்து வேகத்தைச் சமன் செய்கின்றனர். சிலர் ஈயக் கட்டிகள் வைத்த இடுப்புப் பட்டை அணிவர். அவ்வெடையும் இறக்கைச் சுமையில் கூடுகிறது என்பதை அவர்கள் மறத்தலாகாது. கையில் கட்டும் உயரமானியைப் புறப்படும் முன் பூஜ்ஜியத்தில் நிறுத்துவதும், தலைக்கவசத்தினுள் ஒலித்து எச்சரிக்கும் கருவியைப் பாராசூட் விரிக்கும் உயரத்துக்கேற்ப அமைப்பதும் அன்றாடக் கடமைகள். ஒலி கேட்கும் வரை காத்திருக்காமல் கண்ணால் உயரத்தை அறிந்துகொண்டே இருப்பதுதான் சரியான பழக்கம். தலைக்கவசத்தில் கேமரா பொருத்த விரும்புவோர் 200 குதிப்புகளாவது முடித்திருக்க வேண்டும் என அமெரிக்கப் பாராசூட் சங்கம் பரிந்துரைக்கிறது. கவனம் சிதறுவதும் கயிறு கேமராவில் சிக்குவதும் இதற்குக் காரணங்கள்.

வாங்கும் முன்னும் குதிக்கும் முன்னும்

அமெரிக்க விதிகளின்படி மாற்றுப் பாராசூட்டை 180 நாட்களுக்கு ஒருமுறை ரிக்கர் பிரித்து, சோதித்து, மீண்டும் மடித்து முத்திரையிட வேண்டும். ஆனால் இரு சோதனைகளுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு குதிப்புக்கும் பொறுப்பு குதிப்பவருடையதே. மூன்று வளைய விடுவிப்புகள் சரியாகப் பூட்டியுள்ளனவா, மார்பிலும் இரு தொடைகளிலுமாக மூன்று பட்டைகள் சரியாகக் கோத்து இறுக்கப்பட்டுள்ளனவா, விரிப்பதற்கும் அறுப்பதற்கும் மாற்றுப் பாராசூட்டுக்குமான மூன்று கைப்பிடிகள் உரிய இடத்தில் உள்ளனவா என்னும் ‘மும்மூன்று’ சோதனையை, ரிக்கை அணியும் முன்னும், விமானம் ஏறும் முன்னும், கதவருகே செல்லும் முன்னும் செய்வது எத்தனை ஆயிரம் முறை குதித்தவர்க்கும் பொருந்தும் ஒழுக்கம்.

முதல் உரிமம் பெற்றவர்கள் உடனே சொந்த ரிக் வாங்க விரையாமல், வெவ்வேறு அளவுப் பாராசூட்டுகளை வாடகைக்கு எடுத்துப் பழகுவது நல்லது. பிறகு வாங்க முற்படும்போது, பணம் கைமாறுவதற்கு முன்பே தமக்குத் தொடர்பற்ற ஒரு ரிக்கரிடம் அந்த ரிக்கைக் கொடுத்து, துணியின் கசிவு, கயிறுகளின் நீளம், மின்னணுக் கருவியின் ஆயுட்காலம், பட்டைகளின் பொருத்தம் ஆகியவற்றைச் சோதித்துக்கொள்ள வேண்டும். அவரிடம் தம் எடையையும் முடித்த குதிப்புகளின் எண்ணிக்கையையும் குறைக்காமலும் கூட்டாமலும் சொல்ல வேண்டும். இரண்டு அளவுகளுக்கிடையே ஐயம் எழுந்தால் பெரியதையே எடுத்துக்கொள்ள வேண்டும்.