கடவுச்சொல்லும் நியமனக் கடிதமும்

சில மாதங்களுக்கு முன்பு, மைசூரு மாவட்டத்து ராமாபுரத்தில் எங்கள் வங்கி நடத்திய நிதி எழுத்தறிவு முகாமில் பேசும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. பள்ளிக்கூடத்து வராந்தாவில் எழுபது பேர் அமர்ந்திருந்தனர். "ஓடிபி எண், பின் எண், கடவுச்சொல் ஆகியவற்றை எவரிடமும் சொல்லாதீர்கள். வங்கி மேலாளரே கேட்டாலும் சொல்லாதீர்கள்" என்று எல்லா முகாம்களிலும் சொல்லும் பாடத்தை அன்றும் கன்னடத்தில் சொல்லி முடித்தேன்.

கூட்டம் கலைந்த பிறகு ஓர் இளம்பெண் தயங்கியபடி அருகே வந்தார். உடன் வந்த தந்தையார் தமிழில் பேசினார். பிழைப்புக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்து இரண்டு தலைமுறையாக அங்கேயே நிலைத்துவிட்ட குடும்பம். மகள் வணிகவியல் பட்டதாரி. நஞ்சன்கூடு பக்கம் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்திருந்தது.

"சார், பேங்க் மேனேஜர் கேட்டாலும் சொல்லக்கூடாதுன்னு சொன்னீங்க. கம்பெனியில கேட்டா?" என்றார் அந்தப் பெண்.

பணியில் சேருவதற்காக அவரிடம் தரப்பட்ட படிவத்தைக் காட்டினார். பெயர், முகவரி, இரத்தப் பிரிவு, வங்கிக் கணக்கு எண் என வழக்கமான கட்டங்களுக்குக் கீழே முகநூல், இன்ஸ்டாகிராம் கணக்குகளின் பெயருக்கு ஒரு கட்டமும் கடவுச்சொல்லுக்கு ஒரு கட்டமும் இருந்தன. "நிறுவனத்தின் நற்பெயரைப் பாதுகாக்கும் பொருட்டு" என்று ஒரு விளக்கமும் அச்சிடப்பட்டிருந்தது.

"ரெண்டு வருஷமா வேலை தேடி அலைஞ்சா சார். இதுக்காக வேண்டாம்னு சொல்லிட முடியுமா?" என்று தந்தையார் கேட்டார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். "இப்போது கொடுத்துவிடம்மா, சேர்ந்த மறுநாள் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்" என்ற பதில் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கடவுச்சொல்லைக் காப்பது பற்றி அரை மணி நேரம் பேசிய ஒருவனுக்கே அது எளிய வழியாகத் தோன்றியது. பிறகு அமர்ந்து ஆராய்ந்தபோதுதான் அந்த யோசனை எவ்வளவு தவறானது என்பது விளங்கிற்று.

ஒரு சாவி, பல அறைகள்

சமூக ஊடகக் கணக்கு என்பது நாம் வெளியிடும் படங்களோடு முடிந்துவிடுவதன்று. அதற்குள் பல ஆண்டுகளாக நாம் பிறரோடு நடத்திய தனிப்பட்ட உரையாடல்கள் இருக்கின்றன. தோழி தன் குடும்பச் சிக்கலை எழுதியிருப்பார். அண்ணன் மருத்துவ அறிக்கையின் படத்தை அனுப்பியிருப்பார். அவசரத்திற்கு யாரோ பாஸ்புக்கின் முதல் பக்கத்தையும் ஆதார் நகலையும் அனுப்பியிருப்பார்கள். வேலைக்காகக் கடவுச்சொல்லை எழுதித் தருபவர் இவர்கள் எல்லோருடைய கடிதங்களையும் சேர்த்தே ஒப்படைக்கிறார். அவர்கள் எவரும் அந்த நிறுவனத்தில் வேலை கேட்டவர்கள் அல்லர்.

அடுத்தது, வங்கியாளரின் கவலை. நம்மில் பலர் ஒரே கடவுச்சொல்லை, அல்லது கடைசி இரண்டு எண்களை மட்டும் மாற்றி, மின்னஞ்சலுக்கும் இணைய வங்கிச் சேவைக்கும் பயன்படுத்துகிறோம். படிவத்தில் மையினால் எழுதப்பட்ட கடவுச்சொல் கோப்பில் தங்குகிறது. அந்தக் கோப்பைப் புரட்டும் ஒவ்வொருவரும் அதைப் படிக்கலாம். அதே படிவத்தில் பிறந்த தேதியும் கைபேசி எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் இருக்கின்றன என்பதை நினைவில் கொள்ளுங்கள். மோசடிக்காரர் ஒருவர் மாதக்கணக்கில் முயன்று திரட்டும் விவரங்கள் யாவும் ஒரே தாளில் கிடைத்துவிடுகின்றன.

மறுநாள் மாற்றிக்கொள்வதால் பயனில்லையா? ஓரளவு உண்டு. ஆனால் ஒருமுறை உள்ளே நுழைந்தவர் சில நிமிடங்களில் உரையாடல்களைப் படம்பிடித்துக்கொள்ளலாம். கணக்கின் முழு நகலையும் பதிவிறக்கக் கோரலாம். அவர் எடுத்துச் சென்றதைக் கடவுச்சொல் மாற்றம் திருப்பித் தராது. மேலும், கடவுச்சொல்லைப் பிறருக்குத் தருவதை முகநூலின் பயன்பாட்டு விதிகளே தடை செய்கின்றன.

மேரிலாந்தில் எழுந்த கேள்வி

இந்த வழக்கம் வெளிநாடுகளிலும் இருந்திருக்கிறது. 2009-இல் அமெரிக்காவின் மாண்டானா மாநிலத்துப் போஸ்மன் நகராட்சி, வேலைக்கு விண்ணப்பிப்போரிடம் சமூக ஊடகக் கணக்குகளின் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்டு வந்தது வெளியே தெரிந்தது. கடும் எதிர்ப்பு எழவே சில நாட்களில் அது கைவிடப்பட்டது.

மறு ஆண்டு மேரிலாந்து மாநிலச் சிறைத்துறையில் நடந்த நிகழ்ச்சி சட்டத்தையே மாற்றியது. தாயாரின் மறைவை ஒட்டி விடுப்பில் சென்று திரும்பிய பணியாளர் ஒருவர், மீண்டும் பணியில் சேருவதற்கான நேர்காணலுக்குச் சென்றார். அங்கே அவருடைய முகநூல் கடவுச்சொல் கேட்கப்பட்டது. சிறைக்காவலர்களுக்குக் குற்றக் கும்பல்களோடு தொடர்பு இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே கேட்பதாகச் சொல்லப்பட்டது. வேலை போய்விடும் என்ற அச்சத்தில் அவர் கொடுத்துவிட்டார். எதிரே அமர்ந்திருந்த அதிகாரி அவருடைய பக்கத்தைத் திறந்து படிக்க, அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

குடியுரிமை அமைப்பு ஒன்று இதைக் கையிலெடுத்த பிறகு, "இனி இது கட்டாயமில்லை, விருப்பமிருந்தால் தரலாம்" என்று அத்துறை விதியைத் திருத்தியது. நேர்காணல் அறையில் அமர்ந்திருப்பவருக்கு விருப்பம் என்ற சொல் என்ன பொருள் தரும் என்ற கேள்வி அப்போதும் எஞ்சி நின்றது. 2012-இல் மேரிலாந்து சட்டமன்றம், தனிப்பட்ட கணக்கின் கடவுச்சொல்லைப் பணியாளரிடமோ விண்ணப்பதாரரிடமோ கேட்பதைத் தடை செய்தது. அமெரிக்க மாநிலங்களில் இதுவே முதல் சட்டம். அதைத் தொடர்ந்து இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் இத்தகைய சட்டங்களை இயற்றின.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

மேரிலாந்தில் உள்ளதைப் போல, "முதலாளி கடவுச்சொல் கேட்கக் கூடாது" என்று நேரடியாகச் சொல்லும் சட்டம் இந்தியாவில் இல்லை. ஆயினும் நாம் வெறுங்கையோடு நிற்கவில்லை.

முதலாவது, அந்தரங்க உரிமை. ஆதார் திட்டத்தை எதிர்த்து 2012-இல் உச்ச நீதிமன்றத்தை அணுகியவர் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி கே. எஸ். புட்டசாமி. அப்போது அவருக்கு வயது 86. அவ்வழக்கில் 2017 ஆகஸ்டு 24 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு வழங்கும் அடிப்படை உரிமையின் பகுதி என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அடிப்படை உரிமைகள் முதன்மையாக அரசுக்கு எதிரானவை. ஆகவே தனியார் நிறுவனத்தோடு நேரும் பிணக்கில் இத்தீர்ப்பை மட்டும் துணைக்கு அழைப்பது எளிதன்று.

அந்த இடைவெளியை நிரப்ப வந்ததே 2023-ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். ஒருவரின் சம்மதம் தன்னிச்சையானதாகவும், குறிப்பிட்ட நோக்கத்திற்குத் தேவையான தரவுக்கு மட்டும் உரியதாகவும் இருக்க வேண்டும் என்று அச்சட்டம் கூறுகிறது. இதற்குச் சட்டத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. தொலை மருத்துவச் செயலி ஒன்று, சிகிச்சைக்கான விவரங்களோடு கைபேசியிலுள்ள தொடர்பு எண்களையும் கேட்கிறது. பயனர் இரண்டுக்கும் சம்மதித்துவிடுகிறார். சிகிச்சைக்குத் தொடர்பு எண்கள் தேவையில்லை. ஆதலால் அந்தச் சம்மதம் சிகிச்சை விவரங்களுக்கு மட்டுமே செல்லும். கணக்கு எழுதும் வேலைக்கு இன்ஸ்டாகிராம் கடவுச்சொல் எதற்கு என்ற கேள்வியை இதே அளவுகோலால் அளந்து பார்க்கலாம்.

முதலாளிகளுக்கும் இச்சட்டம் இடமளிக்கிறது. வேலைவாய்ப்பு சார்ந்த நோக்கங்களுக்காகவும், தொழில் இரகசியம் கசிவது போன்ற இழப்புகளிலிருந்து தம்மைக் காத்துக்கொள்ளவும் பணியாளரின் தரவைத் தனிச் சம்மதமின்றியே அவர்கள் பயன்படுத்தலாம். இந்த இடம் எவ்வளவு விரியும் என்பதை நீதிமன்றங்கள் இனிமேல்தான் வரையறுக்க வேண்டும். சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முதன்மையான கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்தே நடைமுறைக்கு வருகின்றன.

மூன்றாவது, 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம். பிறருடைய கடவுச்சொல்லை நேர்மையற்ற வகையில் பயன்படுத்துவோருக்கு அதன் 66சி பிரிவு மூன்றாண்டு வரை சிறையும் ஓர் இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது.

முதலாளி பார்க்கக்கூடியவை

நாமே ஊரறிய வெளியிட்டதை முதலாளி பார்க்கலாம். ஒருவர் தாமாகப் பொதுவெளியில் வைத்த தரவுக்கு 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்புக் கிடையாது. 2020 மார்ச்சில், நோய்த்தொற்றைப் பரப்பத் தூண்டும் வகையில் முகநூலில் எழுதிய பெங்களூரு ஊழியர் ஒருவரை இன்ஃபோசிஸ் பணிநீக்கம் செய்தது. காவல்துறையும் அவரைக் கைது செய்தது. அந்தப் பதிவைப் படிக்க எவருக்கும் கடவுச்சொல் தேவைப்படவில்லை.

அலுவலக மின்னஞ்சலும் அலுவலகக் கணினியும் அலுவலகத்துக்கு உரியவை. அங்கும் எல்லை உண்டு என்பதை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2017 செப்டம்பரில் ஒரு ருமேனிய வழக்கில் எடுத்துக் கூறியது. அலுவலகப் பணிக்காகத் தொடங்கப்பட்ட கணக்கில் ஊழியர் தம் உறவினரோடு பேசியதை நிறுவனம் படித்து, அவரை வேலையிலிருந்து நீக்கியது. கண்காணிப்பின் அளவும் தன்மையும் அவருக்கு முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டனவா, அந்த அளவு கண்காணிப்பு தேவைதானா என்று உள்நாட்டு நீதிமன்றங்கள் ஆராயவில்லை எனக் கண்டு, ஊழியரின் அந்தரங்க உரிமை காக்கப்படவில்லை என்று அது தீர்ப்பளித்தது.

வங்கி கற்ற பாடம்

வாடிக்கையாளரின் விவரத்தை அவருடைய முதலாளியிடம் சொல்லலாமா என்ற கேள்வி வங்கித் தொழிலுக்குப் புதியதன்று. இங்கிலாந்தில் டூர்னியர் என்ற வாடிக்கையாளர் வங்கிக்குச் சுமார் 9 பவுண்டு பாக்கி வைத்திருந்தார். அவருடைய முகவரியைக் கேட்பதற்காக வங்கி மேலாளர் அவர் வேலை செய்த நிறுவனத்துக்குத் தொலைபேசினார். பேச்சுவாக்கில், அவர் பந்தயத் தரகருக்குப் பணம் கொடுப்பதாகத் தெரிகிறது என்றும் சொல்லிவிட்டார். நிறுவனம் டூர்னியரின் வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. 1924-இல் வெளியான அவ்வழக்கின் தீர்ப்பு, வாடிக்கையாளரின் இரகசியம் காப்பது வங்கியின் சட்டப்படியான கடமை என்று நிலைநாட்டியது. சட்டத்தின் கட்டாயம், பொதுநலக் கடமை, வங்கியின் சொந்த நலன், வாடிக்கையாளரின் சம்மதம் என்ற நான்கு விலக்குகள் மட்டுமே அதற்கு உண்டு. நம் நாட்டில் தேசியமயமாக்கப்பட்ட வங்கிகளுக்கான 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13-ஆவது பிரிவும் இக்கடமையை வலியுறுத்துகிறது.

சம்பளக் கணக்கு வைத்திருப்போர் அடிக்கடி கேட்கும் ஐயத்துக்கும் விடை இதிலேயே இருக்கிறது. கணக்கைத் தொடங்க நிறுவனம் உதவியிருக்கலாம். மாதந்தோறும் சம்பளம் அனுப்பலாம். அதனால் உங்கள் இருப்பையோ செலவுகளையோ பார்க்கும் உரிமை அதற்கு வந்துவிடாது.

கேட்டால் என்ன செய்வது?

முதலில், கோரிக்கையை எழுத்தில் கேளுங்கள். எந்த நோக்கத்திற்காக, எந்த விதியின்படி என்று பணிவாக வினவினாலே பல இடங்களில் கோரிக்கை தளர்ந்துவிடும்.

கணக்கின் பெயரைத் தருவதும் கடவுச்சொல்லைத் தருவதும் வேறு வேறு. பெயரைத் தரலாமா என்பது உங்கள் விருப்பம். கடவுச்சொல்லுக்குரிய கட்டத்தில், "கணக்கின் பாதுகாப்பு விதிகளின்படி பகிர இயலாது" என்று எழுதுங்கள்.

"எங்கள் முன்னால் திறந்து காட்டுங்கள்" என்பதும், "வாட்ஸ்அப்பை இந்தக் கணினியில் இணையுங்கள்" என்பதும் கடவுச்சொல் கேட்பதற்கு நிகரானவையே. இணைக்கப்பட்ட சாதனங்களின் பட்டியலை அவ்வப்போது பார்த்து, அறியாதவற்றை நீக்குங்கள்.

முந்தைய சம்பளத்தைச் சரிபார்க்க வங்கிக் கணக்கு அறிக்கை கேட்டால், சம்பளச் சீட்டு போதுமா என்று கேளுங்கள். கட்டாயம் எனில், சம்பள வரவு தவிர்ந்த வரிகளை மறைத்துத் தரலாமா என்று கேட்டுப் பாருங்கள்.

முன்பே கொடுத்துவிட்டீர்களா? இன்றே கடவுச்சொல்லை மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறி, இருபடிச் சரிபார்ப்பை இயக்குங்கள். அதே கடவுச்சொல் வேறு எங்கெல்லாம் உள்ளதோ அங்கும் மாற்றுங்கள். பண இழப்பு நேர்ந்தால் உடனே 1930 என்ற எண்ணையும் உங்கள் கிளையையும் அழையுங்கள்.

மறுப்பதால் வேலை கைநழுவும் வாய்ப்பு இல்லை என்று நான் உறுதி கூற மாட்டேன். ராமாபுரத்துத் தந்தையாரிடமும் அதை மறைக்கவில்லை. முடிவெடுத்தவர் மகள்தான். கணக்கின் பெயரை எழுதி, கடவுச்சொல் கட்டத்தில் மேற்சொன்ன வரியை எழுதிக் கொடுத்தார். ஒரு வாரம் பதில் வரவில்லை. அந்த வாரத்தில் தந்தையார் இருமுறை கிளைக்கு வந்து என் எதிரே பேசாமல் அமர்ந்துவிட்டுப் போனார். எட்டாம் நாள் நியமனக் கடிதம் வந்தது. அந்தக் கட்டத்தைப் பற்றி எவரும் ஒரு சொல்லும் கேட்கவில்லையாம்.

சம்பளக் கணக்குத் தொடங்க வந்தபோது அந்தப் பெண் இன்னொரு செய்தியும் சொன்னார். அவரோடு அன்று பணியில் சேர்ந்த மற்ற இருவரும் கட்டத்தை நிரப்பியே கொடுத்திருந்தனர். "அவங்களுக்கும் சொல்லிட்டேன் சார், மாத்திக்கச் சொல்லி" என்றார். அடுத்த முகாமில், கடவுச்சொல்லை எவரிடமும் சொல்லாதீர்கள் என்ற என் பாடத்தில், வங்கி மேலாளருக்கு அடுத்தபடியாக வேலை தருபவரையும் சேர்த்துக்கொண்டேன்.