துபாய்–திருச்சி: ஜூலை டிக்கெட்டின் கணக்கு

அமீரகத்தில் இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளுக்கு ஏப்ரலில் ஆண்டு தொடங்குகிறது. ஜூன் கடைசியிலோ ஜூலை தொடக்கத்திலோ கோடை விடுமுறை. ஆகஸ்ட் கடைசி வாரத்தில் மறுபடி திறப்பு. ஊரில் அத்தை பிள்ளைகளும் சித்தப்பா பிள்ளைகளும் சீருடை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிற மாதங்களில்தான் துபாய்ப் பிள்ளைகள் விடுமுறைக்கு வந்து இறங்குகிறார்கள். அது தனிக் கவலை. இங்கே பேச்சு டிக்கெட்டைப் பற்றி. பள்ளி விட்ட மூன்று நாளில் எல்லாரும் கிளம்ப வேண்டும், திறப்பதற்கு முந்தைய மூன்று நாளில் எல்லாரும் திரும்ப வேண்டும் என்றால் விலை எங்கே போய் நிற்கும்?

தேவை கூடினால் விமானத்தையும் கூட்டலாமே என்று தோன்றும். கூட்ட முடியாது. துபாய்க்கும் இந்தியாவுக்கும் இடையே எத்தனை இருக்கை ஓடலாம் என்பது அரசுகள் பேசி வைத்த எண். 2014-இல் முடிவான ஒதுக்கீட்டின்படி ஒவ்வொரு தரப்பு நிறுவனங்களுக்கும் வாரத்துக்குச் சுமார் 66,000 இருக்கை. இன்னும் 50,000 வேண்டும் என்று அமீரகத் தரப்பு பல ஆண்டுகளாகக் கேட்டுவந்தது. 2025 ஜூலையில் குவைத்துக்கு 12,000 இருக்கையை 18,000 ஆக்க இந்தியா ஒப்புக்கொண்டது. துபாய்க்கு அப்போதும் கதவு திறக்கவில்லை. சொந்த நாட்டு நிறுவனங்களைக் காப்பாற்றும் கொள்கை என்று அதற்கு நியாயம் சொல்கிறார்கள். அந்த நியாயத்துக்கான காசு தஞ்சாவூர்க்காரர், திருவாரூர்க்காரர் சட்டைப்பையிலிருந்து போகிறது.

ஏனென்றால் திருச்சிக்கு நெருக்கடி இன்னும் ஒரு சுற்று அதிகம். எமிரேட்ஸ் தமிழ்நாட்டில் சென்னைக்கு மட்டுமே பறக்கிறது. ஷார்ஜாவிலிருந்து ஏர் அரேபியா சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் போகிறது. திருச்சிக்கு நேராக வருவது ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போன்ற இந்திய நிறுவனங்களின் சிறிய விமானங்கள். அந்த போயிங் 737-இல் 180-க்குக் கொஞ்சம் மேலே இருக்கை. சென்னைக்கு வரும் எமிரேட்ஸின் போயிங் 777-இல் 350-ஐத் தாண்டும். டெல்டா மாவட்டங்களும் புதுக்கோட்டையும் சேர்ந்து அந்த 180-க்குத்தான் முட்டி மோதுகின்றன.

இனி வீட்டுக் கணக்கு. அப்பா, அம்மா, 13 வயது மகள், 6 வயது மகன். கீழே வரும் டிக்கெட் விலைகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. நாளுக்கு நாள் மாறும். ஆனால் உச்ச நாளுக்கும் சாதாரண நாளுக்கும் உள்ள இடைவெளி இந்தப் பாதையில் ஏறத்தாழ இப்படித்தான் விரியும். ஒரு திர்ஹம் 24 ரூபாய் என்று கொள்வோம்.

வழக்கமான ஏற்பாடு: பள்ளி விட்ட வெள்ளி இரவே நால்வரும் கிளம்புகிறார்கள், ஆளுக்கு 1,150 திர்ஹம். அப்பாவுக்கு ஆண்டு விடுப்பு 30 நாள்தான், ஜூலை இறுதியில் தனியாகத் திரும்புகிறார்; அந்தச் சமயம் இந்தியாவிலிருந்து துபாய்க்கு வரும் விமானம் காற்று வாங்கும், 450-க்குக் கிடைக்கும். அம்மாவும் பிள்ளைகளும் பள்ளி திறப்பதற்கு முந்தைய சனிக்கிழமை திரும்புகிறார்கள், ஆளுக்கு 1,100. அப்பா 1,600, மற்ற மூவரும் 2,250 வீதம் 6,750. மொத்தம் 8,350 திர்ஹம், அதாவது 2,00,400 ரூபாய்.

மாற்று ஏற்பாடு: அம்மாவும் பிள்ளைகளும் பத்து நாள் தள்ளி 750-க்குக் கிளம்பி, உச்சத்துக்கு ஐந்து நாள் முன்பே 800-க்குத் திரும்புகிறார்கள், மூவருக்கும் 4,650. அப்பா அவர்களோடு கிளம்பாமல் ஆகஸ்ட் முதல் வாரத்தில் 500-க்குப் போய், திரும்பும்போது 800 கொடுத்து அவர்களோடு வந்துவிடுகிறார், 1,300. மொத்தம் 5,950 திர்ஹம், 1,42,800 ரூபாய். மிச்சம் 57,600. எந்தத் தள்ளுபடிக் கூப்பனும் இதில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தராது. போகும்போது ஆள் துணையில்லாமல் இரண்டு பிள்ளைகளையும் பெட்டிகளையும் அம்மா ஒருவரே இழுத்துக்கொண்டு போக வேண்டும் என்பதையும் செலவுப் பக்கத்தில்தான் எழுத வேண்டும்; அதை எழுதாமல் கணக்குப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் அப்பாக்கள்.

ஒரே நாளில், ஒரே டிக்கெட்டில், எல்லாரும் ஒன்றாக என்கிற பிடிவாதம் விலையை வேறொரு இடத்திலும் ஏற்றுகிறது. விமான நிறுவனம் இருக்கைகளைப் பல விலை அடுக்குகளாகப் பிரித்து விற்கிறது. 620 திர்ஹம் அடுக்கில் இரண்டே இருக்கை மீதியிருந்து, அடுத்த அடுக்கு 780 என்றால், நான்கு பேருக்குத் தேடும்போது பெரும்பாலும் நான்குமே 780 என்றுதான் திரையில் வரும்: 3,120. துபாயின் தேரா பக்கம் டிக்கெட் போடும் தம்பிகளுக்கு இது பாலபாடம். “நாலு பேருக்குத் தேடாதீங்கக்கா, முதல்ல ஒருத்தருக்குத் தேடிப் பாருங்க, அப்புறம் ரெண்டு பேருக்கு” என்பார்கள். இரண்டை 620-க்கும் இரண்டை 780-க்கும் எடுத்தால் 2,800. ஒரு திசையில் 320 திர்ஹம், 7,680 ரூபாய். நிபந்தனை ஒன்று உண்டு: பிள்ளைகளைத் தனியாகப் பிரிக்கக் கூடாது, ஒவ்வொரு பதிவு எண்ணிலும் ஒரு பெரியவர் இருக்க வேண்டும். விமானம் ரத்தானால் இரண்டு பதிவும் இரண்டு பக்கம் போகலாம் என்பதும் நினைவிருக்கட்டும்.

கைக்குழந்தை இருக்கும் வீட்டில் பிறந்த தேதியைப் பார்த்துவிட்டுத்தான் பயணத் தேதியைப் பார்க்க வேண்டும். 2 வயது நிறையாத வரை மடியில். கட்டணம் சிறு பங்கு. போகும்போது 23 மாதம், திரும்பும்போது 25 மாதம் என்றால் திரும்பும் பயணத்துக்கு முழு இருக்கை வாங்கியாக வேண்டும். அதன் பிறகு 12 வயதுக்குட்பட்டவர்களுக்குச் சில பெரிய நிறுவனங்கள் கொஞ்சம் குறைக்கும். மலிவு விமானங்களில் 6 வயது மகனும் அப்பாவும் ஒரே விலை.

வேறு விமான நிலையம் பார்க்கலாமா? சென்னைக்கு ஆளுக்கு 150 திர்ஹம் குறைவு என்று வைத்தால் அம்மாவும் பிள்ளைகளுமாக மூவருக்கு 450, அதாவது 10,800 ரூபாய். சென்னையிலிருந்து தஞ்சாவூருக்குச் சுமார் 340 கிலோமீட்டர். சுங்கச்சாவடியோடு வாடகைக் காருக்கு 6,500. திருச்சியில் இறங்கினாலும் தஞ்சாவூருக்கு 60 கிலோமீட்டர் கார் வேண்டும், 2,000. ஆக நிகர மிச்சம் 6,300 ரூபாய். விலை, இரவு விமானத்துக்குப் பிறகு ஆறேழு மணி நேர சாலைப் பயணம். ரயிலில் போனால் இன்னும் மிஞ்சும், ஆனால் தாம்பரம் நடைமேடையில் மூன்று பெரிய பெட்டியை ஏற்றிப் பார்த்தவர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள். என் கணக்கில் இது லாபமில்லை. கொழும்பு வழி அதைவிட மேல்: ஸ்ரீலங்கன் துபாயிலிருந்து கொழும்புக்கும், அங்கிருந்து திருச்சிக்கும் மதுரைக்கும் பறக்கிறது. கொழும்பிலிருந்து திருச்சி ஏறத்தாழ ஒரு மணி நேரம். ஒரே டிக்கெட்டாக எடுத்தால் பெட்டி நேராகத் திருச்சிக்கே வந்துவிடும். இடையில் காத்திருக்கும் நேரத்தை மட்டும் பார்த்து எடுக்க வேண்டும்.

பெட்டி என்றதும் கிலோ. விலைப் பட்டியலில் முதலில் தெரியும் டிக்கெட் பல சமயம் கைப்பைக்கு மட்டும். மூவருக்கு 30 கிலோ வீதம் 90 கிலோ என்பது கோடாலித் தைலம், பால் பவுடர், போர்வை, பாதாம், யாருக்கோ யாரோ கொடுத்தனுப்பிய கைப்பேசி எல்லாம் சேர்ந்த எடை. திரும்பும்போது மிளகாய்த்தூளும் ஊறுகாயும். முன்பதிவில் வாங்கும் கிலோவுக்கும் கவுண்டரில் வாங்கும் கிலோவுக்கும் வித்தியாசம் அதிகம். 40 திர்ஹம் மலிவான டிக்கெட் அங்கே போய் 200 திர்ஹம் கேட்கும்.

கூட்டத்துக்கு எதிர்த்திசையில் போகும் வழியும் இருக்கிறது. பிள்ளைகள் ஊருக்குப் போவதற்குப் பதில் தாத்தா பாட்டியை வரவழைப்பது. ஜூலை தொடக்கத்தில் திருச்சியிலிருந்து துபாய்க்கு 450, ஆகஸ்ட் கடைசியில் திரும்ப 450. இருவருக்கும் 1,800 திர்ஹம். 60 நாள் விசாவும் காப்பீடும் சேர்த்து 1,500 என்று தாராளமாக வைத்தாலும் 3,300. மாற்று ஏற்பாட்டைவிட 2,650 திர்ஹம், 63,600 ரூபாய் குறைவு. காகிதத்தில் இதை எதுவும் மிஞ்சாது. ஆனால் 42 டிகிரி வெயிலில் இரண்டு மாதம் அடுக்குமாடி ஏசி அறைக்குள் உட்கார எந்தப் பாட்டியும் சம்மதிப்பதில்லை. மாட்டை யார் பார்ப்பது என்பார். குளிர்காலத்தில் வரச் சொன்னால் வருவார்கள். டிசம்பரில் பிள்ளைகளுக்கு விடுமுறையும் உண்டு. ஆனால் அந்த மாதம் சுற்றுலாக் கூட்டமும் சேர்ந்துகொள்வதால் இரண்டு திசையிலும் விலை ஏறிக் கிடக்கும்.