கைத்தொழிலாளர்க்கு ஓர் இணையச் சந்தை

கொங்கு நாட்டில் சந்தை என்பது வெறும் கொடுக்கல் வாங்கல் நடக்கும் திடல் மட்டும் அன்று. அஃது ஒழுங்கு வகுத்து நடைபெறும் ஓர் அமைப்பு. இன்ன கிழமையில் இன்ன ஊரில் கூடும் என்பது எல்லார்க்கும் தெரியும். நுழையும் இடத்தில் சுங்கம் செலுத்த வேண்டும். உள்ளே காய்கறிக்கு ஒரு வரிசை, தானியத்துக்கு ஒரு வரிசை, கால்நடைக்குத் தனி இடம். மாட்டுச் சந்தையில் தரகர் ஒரு துண்டை விரித்து, அதன் மறைவில் விரல்களைப் பற்றி விலை பேசுவதை உங்களிற் சிலர் பார்த்திருக்கலாம். அருகில் நிற்பவர்க்குக்கூட அந்தத் தொகை தெரியாது. இடம், சுங்கம், துண்டு ஆகிய இம்மூன்றையும் மனத்தில் கொண்டால், இணையச் சந்தை என்னும் புதிய அமைப்பின் இயல்பு எளிதில் விளங்கும்.

மாணவ நண்பர்களே, நான் வாழும் பெரியநாயக்கன்பாளையம் கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது. 1930ஆம் ஆண்டில் அவினாசிலிங்கம் அவர்கள் தொடங்கிய இராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம் இவ்வூருக்குப் பெயர் தந்தது. 1962இல் தோன்றிய இலட்சுமி மெஷின் ஒர்க்ஸ் நூற்பு இயந்திரங்களைச் செய்து இவ்வூருக்கு வேலை தந்தது. இதே சாலையில் மேலும் சென்றால், மேட்டுப்பாளையத்துக்கு அப்பால் சிறுமுகை. அங்கே பட்டுச் சேலை நெய்யும் தறிகள். கோவை வட்டாரத்துக் கோரா காட்டன் சேலை 2014இலும், நெகமம் காட்டன் சேலை 2023இலும் புவிசார் குறியீடு பெற்றன. பவானி ஜமக்காளம் அவற்றுக்கு முன்னரே, 2005இல், அதனைப் பெற்றது. பொருளுக்குப் புகழ் உண்டு. ஆயினும் நெய்தவர் வீட்டு நிலை என்ன? 2019-20ஆம் ஆண்டின் அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, நாட்டில் சுமார் 35 லட்சம் பேர் இத்தொழிலில் ஈடுபட்டிருப்பதாகவும், அவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் பெண்கள் எனவும் கூறுகிறது. குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழ் என்பதும் அக்கணக்கு காட்டும் உண்மை.

“இணையத்தில் ஒரு சந்தை அமைத்து, இவர்கள் நேரே விற்கும்படி செய்துவிட்டால் போதாதா?” என்று மாணவர்கள் என்னைக் கேட்பதுண்டு. நல்ல கேள்விதான். அதற்கு விடை காண, அச்சந்தை என்னென்ன செய்கிறது என்பதை முதலில் பார்ப்போம்.

முதலாவது, அது பொருளைக் காட்டுகிறது. கையால் தொட்டுப் பார்க்க முடியாத இடத்தில் படமும் எழுத்தும் கையின் வேலையைச் செய்ய வேண்டும். ஆகவே சேலையின் நீளம், அகலம், எடை, நூலின் வகை, சாயம், துவைக்கும் முறை அனைத்தும் பொய்யின்றி எழுதப்பட வேண்டும். இரண்டாவது, முன்பின் அறியாத இருவரிடையே நம்பிக்கையை உண்டாக்குகிறது. வாங்குபவர் செலுத்தும் தொகையைச் சந்தை தன்னிடம் நிறுத்திவைத்து, பின்னரே விற்றவர்க்கு அளிப்பது இதற்கான ஏற்பாடு. மூன்றாவது, பொருளைக் கொண்டு சேர்க்கவும், பிடிக்காவிடில் திருப்பி அனுப்பவும் வழி செய்கிறது. நான்காவது, ஆயிரக்கணக்கான பொருள்களில் எது முதலில் கண்ணில் பட வேண்டும் என்று தீர்மானிக்கிறது. இந்த நான்காவது வேலையே மிகப் பெரிய அதிகாரம். வரிசையை அமைக்கும் கணக்கு விற்பவர்க்கும் தெரியாது, வாங்குபவர்க்கும் தெரியாது. தரகரின் துண்டு இங்கேயும் விரிக்கப்பட்டிருக்கிறது.

இனிச் சுங்கத்துக்கு வருவோம். கைவினைப் பொருள்களுக்கென்றே அமெரிக்காவில் 2005இல் தோன்றிய எட்சி என்னும் இணையச் சந்தை, தையற்காரர், குயவர், ஓவியர் எனத் தனித்தனியே தொழில் செய்வோர் பலர்க்கு உலகெங்கும் வாடிக்கை தேடித் தந்தது. தொடக்கத்தில் அது விற்பனைத் தொகையில் 3.5 சதவீதத்தைத் தரகாகப் பெற்றது. 2018இல் அது 5 சதவீதம் ஆயிற்று. 2022 ஏப்ரலில் 6.5 சதவீதம் ஆயிற்று. அப்போது பல்லாயிரம் விற்பனையாளர் தம் கடைகளைச் சில நாள் மூடி எதிர்ப்புத் தெரிவித்தனர்.

மூன்று சதவீதம் கூடினால் என்ன என்று எண்ணுவீர்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சேலைக்கு நூலும் சாயமும் 1,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மூன்று நாள் உழைப்பு, நாளொன்றுக்கு 500 ரூபாய் வீதம் 1,500. பொதிந்து அனுப்பும் செலவு 150. ஆக அடக்க விலை 2,850 ரூபாய். 3,000 ரூபாய்க்கு விற்றால் மிச்சம் 150. தரகு 3.5 சதவீதமானால் 105 போக, 45 ரூபாய் நிற்கும். 5 சதவீதமானால் 150 ரூபாயும் போய்விடும். 6.5 சதவீதமானால் 195 ரூபாய் கொடுக்க வேண்டும். குறையும் 45 ரூபாய் உழைப்பவரின் கூலியிலிருந்தே எடுக்கப்படும். சந்தையின் ஏட்டில் சிறிதாகத் தோன்றும் மாறுதல், தறியின் முன் அமர்ந்தவர்க்கு ஒரு வேளைச் சாப்பாடாக இருக்கக்கூடும். விலையை உயர்த்தலாமே என்றால், அருகிலேயே விசைத்தறிச் சேலை மலிவாகக் காட்சியளிக்கிறது. படத்தில் இரண்டும் ஒன்று போலவே தோன்றும். இந்த மயக்கத்தைத் தீர்க்கவே 2006இல் கைத்தறி முத்திரை ஏற்படுத்தப்பட்டது. புவிசார் குறியீட்டின் பயனும் இதுவே.

இதைவிட ஆழமான ஓர் இடர் உண்டு. நம் வட்டாரத்தில் பல நெசவாளர் கூலிக்கு நெய்பவர்கள். பாவும் ஊடையும் முதலாளி தருவார். நெய்து கொடுத்தால் கூலி கிடைக்கும். சேலை நெய்தவருடையது அன்று. தமக்குச் சொந்தமில்லாத பொருளை எந்தச் சந்தையில் விற்பது? நூல் வாங்கக் கைம்முதல் இல்லாதவர்க்கு இணையச் சந்தை கண்ணாடிக்கு அப்பால் உள்ள பண்டமே ஆகும். ஆகவே சந்தைக்கு முன்னால் நூல் வேண்டும். நூலுக்கு முன்னால் கடன் வேண்டும்.

இதனை நம் முன்னோர் அறிந்திருந்தனர். 1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில், நெசவாளர் உட்பட 28 தொழிலாளர் சிறு தொகை சேர்த்துத் தமக்கெனக் கடை வைத்ததே உலகக் கூட்டுறவு இயக்கத்துக்கு வழிகாட்டியாயிற்று. தமிழ்நாட்டில் 1935இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ், ஊர்தோறும் உள்ள நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்குத் தலைமைச் சங்கமாய் நின்று, அவற்றின் துணிகளை வாங்கி விற்கிறது. இன்று இணையத்திலும் விற்கிறது. சங்கம் நூல் தருகிறது, கூலி தருகிறது, துணியையும் ஏற்றுக்கொள்கிறது. குறைகள் இல்லாமல் இல்லை. சேலை விற்கும் வரை பணம் முடங்கும். காலத்துக்கேற்ற புதிய வடிவம் வர நாளாகும். ஆனாலும், கைம்முதல் இல்லாதவரையும் சந்தைக்கு அழைத்து வந்த வழி இதுவே.

அண்மைக் காலத்தில் வேறு முயற்சிகளும் எழுந்துள்ளன. நடுவணரசின் ஜவுளி அமைச்சகம் 2023இல் ‘இந்தியா ஹேண்ட்மேடு’ என்னும் இணையத் தளத்தைத் தரகு பெறாத சந்தையாகத் தொடங்கியது. 2021 இறுதியில் அமைக்கப்பட்ட ஓ.என்.டி.சி. என்பது சந்தையன்று, பல சந்தைகளை இணைக்கும் சாலை. ஒரு செயலியில் பதிந்த பொருளை மற்றொரு செயலியில் தேடுவோரும் காண அது வழி செய்கிறது. 2023 அக்டோபர் முதல், சரக்கு சேவை வரி வரம்புக்கு உட்பட்ட சிறு விற்பனையாளர், தம் மாநிலத்துக்குள் இணையச் சந்தைகள் வாயிலாக விற்க, முழுப் பதிவு இன்றிச் சேர்க்கை எண் மட்டும் பெற்றால் போதும் என்றாயிற்று. எட்சி கிளர்ச்சியின் விளைவாகவும் ஒன்று தோன்றியது: 2023இல் அமெரிக்கக் கைவினைஞர் தாமே உறுப்பினராயிருக்கும் கூட்டுறவு இணையச் சந்தை ஒன்றைத் திறந்தனர்.

அப்படியாயின் பெரியநாயக்கன்பாளையத்தில் இருபது பேர் சேர்ந்து தாமே ஒன்று தொடங்கலாமா? தொடங்கலாம், ஆனால் தளத்தைக் கட்டுவது வேலையில் மிகச் சிறிய பங்கு. விற்பவர் வந்தாலன்றி வாங்குபவர் வாரார். வாங்குபவர் இருந்தாலன்றி விற்பவர் நிலையார். ஊர்ச் சந்தைக்குக் கிழமை குறித்ததே இந்தச் சிக்கலைத் தீர்ப்பதற்கு அன்றோ? எல்லாரும் ஒரே நாளில் வந்தால் இரு திறத்தாரும் ஏமாறுவதில்லை. ஆகவே எல்லாப் பொருளையும் குவிக்காமல், ஒரே வகைப் பொருளைக் கொண்டு, மாதத்தில் குறித்த நாளில் புதிய சேலைகள் வெளிவரும் என்று அறிவித்துத் தொடங்குவதே நன்று. தரகு எவ்வளவு, யார் அதை உயர்த்தலாம், வரிசை எப்படி அமையும், திரும்பிய பொருளின் நட்டம் யாருடையது என்பவற்றை முதல் நாளே எழுதி, அனைவரும் கையொப்பமிட வேண்டும். வருமானத்தில் ஒரு பங்கை நூல் நிதியாக ஒதுக்கினால், கூலிக்கு நெய்பவரும் ஒரு நாள் தம் சேலையைத் தம் பெயரில் விற்பர்.

இதில் உங்களுக்கும் பணி உண்டு. கணிதம் பயில்பவர் அடக்க விலை கணக்கிடலாம்; மொழி பயில்பவர் பொருளின் விவரத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பிழையின்றி எழுதலாம்; கணினி பயில்பவர் வரிசைக் கணக்கை எல்லாரும் காணுமாறு வெளிப்படையாக அமைக்கலாம். விடுமுறையில் சிறுமுகைக்கோ நெகமத்துக்கோ சென்று, ஒரு நெசவாளரிடம் உட்கார்ந்து, ஒரு சேலைக்கு எத்தனை மணி நேரம், நூலுக்கு எவ்வளவு, கைக்கு எவ்வளவு என்று கேட்டு எழுதி வாருங்கள். எந்தச் சந்தை நல்லது, எந்தத் தரகு பொறுக்கத்தக்கது என்று தீர்ப்புச் சொல்லும் தகுதியை அந்த ஒரு தாள் உங்களுக்குத் தரும்.