அம்மாவின் பயமும் நான் மறைத்த பதிலும்

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். வீட்டில் மீன் குழம்பு, அப்பளம். எல்லாரும் சாப்பிடத் தொடங்கியதும், வானிலை அறிக்கை வாசிக்கும் அதே குரலில் சொன்னேன்: “மே மாசம் சபாவுக்குப் போறேன். சிப்பாடான் தீவில் டைவிங்.”

பத்து ஆண்டுகளாக வானொலியில் பேசுபவள் நான். எந்தச் செய்தியையும் பதறாமல் சொல்லத் தெரியும் என்று நினைத்திருந்தேன். அம்மா குழம்புக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

“கடலுக்கு அடியிலயா?”

“ஆமாம்மா. முறையாப் பயிற்சி எடுத்தவங்கதான் போவாங்க.”

“உனக்குத் தண்ணில கண்டம்னு சின்ன வயசுலயே ஜோசியர் சொல்லியிருக்காரு.”

அப்பா நிதானமாக அப்பளத்தை உடைத்தார். “சிப்பாடான்லதானே ஆளுங்களைக் கடத்திட்டுப் போனாங்க?”

அத்தோடு பேச்சு நின்றது. அம்மா அதன்பின் சாப்பிடவில்லை.

அதன் காரணம் எனக்குத் தெரியும். அம்மாவின் அண்ணன், நான் பார்த்தே இராத பெரிய மாமா, 19 வயதில் சாங்கி கடலில் குளிக்கப் போய்த் திரும்பவில்லை. அம்மாவுக்கு அப்போது 14 வயது. மாமாவின் படம் இன்றும் எங்கள் சாமி மேடைக்குப் பக்கத்தில் இருக்கிறது. சிறுவயதில் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைக்குப் போனால்கூட எங்களுக்கு முழங்காலுக்கு மேல் நனைய அனுமதி கிடையாது.

அம்மாவுக்குத் தெரியாத ஒன்றும் இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, “தோழிகளோடு தியோமான் தீவுக்கு” என்று சொல்லிப் போனேனே, அங்குதான் நான் முக்குளிப்புப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கினேன்.

அன்று இரவு ஒரு முடிவெடுத்தேன். வீட்டாரின் பயத்தைக் கேலி செய்து தள்ளிவிடக்கூடாது. நிகழ்ச்சி தயாரிப்பதுபோல் ஒவ்வொன்றாக எழுதி, உண்மை எவ்வளவு என்று பார்ப்போம்.

முதல் பயம்: கடத்தல்

அப்பா சொன்னது கட்டுக்கதை அல்ல. 2000ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் தேதி, அபு சயாப் கும்பல் சிப்பாடான் தீவிலிருந்து 21 பேரைப் படகில் பிலிப்பீன்சின் ஜோலோ தீவுக்குக் கடத்திச் சென்றது. பெரும்பாலோர் பல மாதங்கள் கழித்தே வீடு திரும்பினர். 2014ஆம் ஆண்டில், பக்கத்தில் உள்ள மாபுல் தீவின் உல்லாசத்தலம் ஒன்றில் போலிஸ்காரர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அதன்பின் மாறியவையும் உண்டு. சிப்பாடானில் இருந்த தங்கும் விடுதிகள் 2004ஆம் ஆண்டோடு அகற்றப்பட்டன. இப்போது அங்கு யாரும் இரவு தங்க முடியாது. நாளொன்றுக்கு இத்தனை பேர்தான் என்று அனுமதிச் சீட்டு வேறு. 2013ஆம் ஆண்டு லகாட் டத்து ஊடுருவலுக்குப் பிறகு கிழக்கு சபாவுக்கென்றே தனிப் பாதுகாப்புப் படைத் தலைமையகம் அமைக்கப்பட்டது. கடலில் இரவு நேர ஊரடங்கும் பல ஆண்டுகள் நடப்பில் இருந்தது.

ஆபத்து குறைந்திருக்கிறது, இல்லாமல் போய்விடவில்லை. அதை அப்பாவிடம் அப்படியே சொன்னேன். இருவரும் சேர்ந்து வெளியுறவு அமைச்சின் பயண ஆலோசனையை வாசித்தோம். என் பயணத்தை அமைச்சில் மின்பதிவு செய்வது, இருட்டிய பின் படகில் ஏறுவதில்லை, கிளம்பும் வாரத்தில் ஆலோசனையை மறுபடி பார்ப்பது, அது கடுமையாகியிருந்தால் பணம் போனாலும் பயணத்தை நிறுத்துவது என நான்கு முடிவுகள். கடைசி முடிவை அப்பா என் வாயால் இருமுறை சொல்ல வைத்தார்.

இரண்டாம் பயம்: கடல்

அண்ணன் எடுத்து வைத்தது வேறொரு செய்தி. நமக்குப் பக்கத்திலேயே, ஜோகூரின் மெர்சிங் கடலில், 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் தேதி பயிற்சிக்காக நால்வர் கடலுக்குள் இறங்கினர். மேலே வந்தபோது அவர்களின் படகைக் காணவில்லை. பயிற்றுவிப்பாளர் மறுநாள் மீட்கப்பட்டார். இருவர் இரண்டு நாளுக்கும் மேலாகக் கடலில் மிதந்து பிழைத்தனர். 14 வயதுச் சிறுவன் பிழைக்கவில்லை.

அந்தச் செய்தியைப் படித்தபின் எனக்கும் தூக்கம் வரவில்லை. முக்குளிப்பு என்றதும் நமக்குச் சுறா ஞாபகம் வருகிறது. உண்மையில் பயப்பட வேண்டியது நீரோட்டத்துக்கும், மேலே நம்மை எதிர்பார்த்து நிற்காத படகுக்கும்.

மறுநாள் முக்குளிப்பு நிறுவனத்துக்குக் கேள்விகளை அனுப்பினேன். நாங்கள் நீருக்குள் இருக்கும்போது படகு எங்கே நிற்கும்? ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? படகில் அவசரத்துக்கான ஆக்சிஜன் இருக்கிறதா? ஏறும்போதும் இறங்கும்போதும் தலை எண்ணுவது யார்? அழுத்தச் சிகிச்சை தர வேண்டிவந்தால் எந்த மருத்துவமனைக்கு, எந்த வழியில் கொண்டு போவீர்கள்? இவற்றுக்குத் தெளிவாகப் பதில் சொல்லாத இடத்தில், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் பதிவு செய்யாதீர்கள். நான் முதலில் பார்த்த ஒரு நிறுவனம் ‘கவலை வேண்டாம்’ என்று மட்டும் பதில் போட்டது. அடுத்ததற்கு மாறினேன்.

காற்று ஊதினால் கம்பம்போல் நிமிர்ந்து, தூரத்துப் படகுக்கும் தெரியும் ஆரஞ்சு நிற மிதவை ஒன்றையும் வாங்கினேன். ஒரு விசில் சேர்த்தேன். அம்மா அந்த விசிலை வரவேற்பறையில் ஊதிப் பார்த்துவிட்டு, “இது கேக்கும்” என்றார். முதன்முறையாக அவர் முகம் கொஞ்சம் தளர்ந்தது.

மூன்றாவதை நான் எழுதவே இல்லை

உடல்நலப் படிவம் வந்தது. இதயம், நுரையீரல், காது, அறுவை சிகிச்சை, மருந்துகள் என்று கேள்விகள். காது பற்றிய கேள்வியைக் கவனமாகப் படித்தேன். காதில் அழுத்தத்தைச் சமன் செய்யாமல் இறங்கினால் செவிப்பறை கிழியலாம். காதொலிப்பான் மாட்டிப் பிழைப்பவளுக்கு அது சின்ன விஷயமில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று வேகமாகத் தட்டிக்கொண்டே போனேன். சோபாவுக்குப் பின்னால் அம்மா நின்றதைக் கவனிக்கவில்லை.

“மூச்சுத் திணறல் இல்லைன்னு போட்டிருக்க?”

“அது சின்ன வயசுலம்மா.”

“போன செப்டம்பர்ல லிப்ட் பழுதாச்சே, ஆறாவது மாடி ஏற முடியாம நாலாவது மாடியில உக்காந்தியே. நான்தானே அந்த நீல மருந்த எடுத்துட்டு ஓடி வந்தேன்?”

என்னிடம் பதில் இல்லை. தியோமான் படிவத்திலும் இதே கேள்விக்கு நான் ‘இல்லை’ என்றுதான் போட்டிருந்தேன். ‘ஆம்’ என்று போட்டால் மருத்துவர் கையொப்பம் கேட்பார்கள், தாமதமாகும், ஒருவேளை விடவே மாட்டார்கள். வாரக்கணக்கில் கடத்தல்காரர்களையும் நீரோட்டத்தையும் ஆராய்ந்த நான், என் பையில் இருந்த உறிஞ்சு மருந்தை மட்டும் கணக்கில் எடுக்கவில்லை.

முக்குளிப்பு மருத்துவம் தெரிந்த மருத்துவர் ஒருவரைப் பார்த்தேன். அவர் திட்டவில்லை, விளக்கினார். கடலில் 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. அங்கே நுரையீரல் நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு மேலே வந்தால், அந்தக் காற்று இரண்டு மடங்காக விரியும். சாதாரணமாக அது வெளியேறிவிடும். மூச்சுக்குழாய் சுருங்கியிருந்தால் ஒரு பகுதியில் அடைபட்டு நுரையீரலைக் கிழிக்கலாம். காற்றுக் குமிழி இரத்தத்தில் கலந்து மூளைக்கும் போகலாம். போதாக்குறைக்கு, தோம்பிலிருந்து வரும் வறண்ட காற்றும் நீரோட்டத்தை எதிர்த்து நீந்தும் களைப்பும் இழுப்பைத் தூண்டக்கூடியவை.

குழாயில் ஊதும் சோதனை, ஓடியபின் மறுபடி ஊதும் சோதனை. முடிவு சரியாக இல்லை. “இப்ப வேண்டாம். தினமும் தடுப்பு மருந்து எடுங்க. மூணு மாசம் கழிச்சுப் பார்ப்போம்,” என்றார்.

மே மாதம் தோழிகள் நான் இல்லாமல் போனார்கள். 400 வெள்ளி முன்பணம் போனது. “போன தடவை மாதிரி ‘இல்லை’ன்னு போட்டிருக்கலாம்ல?” என்று ஒருத்தி கேட்டாள். ஆமைகளின் படங்கள் குழுவில் வந்து விழுந்த வாரம் முழுவதும் கைப்பேசியைக் கவிழ்த்தே வைத்திருந்தேன். தியோமான் உண்மையை அம்மாவிடம் சொன்னதும் அந்த வாரம்தான். இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலை, தடுப்பு மருந்தைக் காப்பிக் குவளைக்குப் பக்கத்தில் எடுத்து வைத்திருந்தார். இன்றுவரை வைக்கிறார்.

கிளம்பும் முன்

ஜூன் கடைசியில் சோதனை முடிவுகள் நன்றாக வந்தன. மருத்துவர் கையொப்பம் இட்டார், நிபந்தனைகளோடு: சளியோ இழுப்போ இருந்தால் அன்று இறங்கக்கூடாது, ஆண்டுதோறும் மறுபரிசோதனை. இழுப்பு உள்ள எல்லாருக்கும் இதே பதில் கிடைக்காது. சிலருக்கு ‘வேண்டவே வேண்டாம்’ என்றும் சொல்வார்கள்.

பயணக் காப்புறுதியையும் வரிக்கு வரி படித்தேன். முக்குளிப்பு சேருமா, எத்தனை மீட்டர் ஆழம்வரை, ஏற்கெனவே உள்ள நோய்க்கு இழப்பீடு உண்டா, அவசரமாக வேறிடத்துக்குக் கொண்டு செல்லும் செலவு அடங்குமா? நான்கும் முக்கியம். படிவத்தில் பொய் சொல்லியிருந்தால், தேவைப்படும் நேரத்தில் அந்தக் காப்புறுதி கைகொடுக்காமல் போயிருக்கலாம்.

திரும்பும் விமானத்தையும் ஒருநாள் தள்ளிப் போட்டேன். பல நாள் தொடர்ந்து முக்குளித்தால் குறைந்தது 18 மணி நேரம் கழித்தே விமானம் ஏற வேண்டும். உடலில் தங்கிய நைட்ரஜன் வெளியேற அவகாசம் வேண்டும்.

அடுத்த மாதம் கிளம்புகிறேன். அதற்கு முன் பழகிக்கொள்ள நம் புலாவ் ஹந்துவில் ஒருநாள் முக்குளிக்கப் போகிறேன். “பேய்த் தீவுக்கா?” என்று அம்மா கேட்டார், அப்பா சிரித்துவிட்டார்.

தினமும் இரவு 7 மணிக்கு அழைப்பேன் என்பது ஒப்பந்தம். 8 மணிவரை அழைக்காவிட்டால் விடுதியின் எண்ணும் முக்குளிப்பு நிறுவனத்தின் எண்ணும் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டப்பட்டிருக்கின்றன. அம்மாவின் பயம் போய்விட்டதா என்றால் இல்லை. மாமாவின் படத்துக்கு முன் இப்போது அதிக நேரம் நிற்கிறார். நான் போவதைத் தடுக்கவில்லை, அவ்வளவுதான்.

போன வாரம் புதிய படிவத்தை நிரப்பினேன், இம்முறை அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து. கடைசியில் ‘அவசரத்தில் யாரை அழைக்க வேண்டும்?’ என்ற கேள்வி. தியோமானில் அந்த இடத்தில் தோழியின் பெயரை எழுதியிருந்தேன்.

“என் நம்பரப் போடு,” என்றார் அம்மா.