மாட்டுக் கொட்டகையில் பிறந்த குரல்கள்!

குட்டீஸ்... கார்ட்டூனில் பூனை பேசும், எலி பாடும், ரயில் என்ஜின்கூட பெருமூச்சு விடும். அந்தக் குரல்கள் எல்லாம் யாருடையவை என்று என்றைக்காவது யோசித்தது உண்டா?

கதை எழுதுபவர் ஒருவர், படம் பிடிப்பவர் ஒருவர், குரல் கொடுப்பவர் வேறொருவர்... இதுதான் வழக்கம். ஆனால், இந்த மூன்று வேலைகளையும் ஒருவரே செய்தார். அதுவும் ஒரு பழைய மாட்டுக் கொட்டகையில்! அவர்தான் இங்கிலாந்தைச் சேர்ந்த ஆலிவர் போஸ்ட்கேட்.

சிறைக்குப் போன இளைஞர்

லண்டன் அருகே ஹெண்டன் என்ற ஊரில், 1925ம் ஆண்டு ஏப்ரல் 12ல் பிறந்தவர் ஆலிவர். இவருடைய தாத்தா ஜார்ஜ் லான்ஸ்பரி, பிரிட்டனின் தொழிற்கட்சித் தலைவராக இருந்தவர். போரை அடியோடு வெறுத்தவர். பேரனும் அப்படியே!

இரண்டாம் உலகப் போர் நடந்தபோது, ராணுவத்தில் சேரும்படி ஆலிவருக்கு அழைப்பு வந்தது. போரில் சண்டையிட என் மனசாட்சி இடம் தராது என்று மறுத்துவிட்டார். அதற்காக சிறைக்கும் போனார். பிறகு, பண்ணைகளில் உழைத்தார். போர் முடிந்ததும், செஞ்சிலுவைச் சங்கத்துடன் ஜெர்மனிக்குச் சென்று, அங்கே அவதிப்பட்ட மக்களுக்கு உதவினார்.

அதன்பின் என்னென்னவோ வேலைகள் பார்த்தார். எதுவும் நிலைக்கவில்லை. 1957ல், ஒரு தனியார் தொலைக்காட்சியில் மேடை நிர்வாகியாகச் சேர்ந்தார். அங்கே தயாரான சிறுவர் நிகழ்ச்சிகள் அவருக்குத் துளியும் பிடிக்கவில்லை. 'சின்னப் பிள்ளைகளுக்கு இது போதும்' என்று ஏனோதானோவென்று எடுக்கிறார்களே என்று வருந்தினார். வருந்தியதோடு நிற்கவில்லை, தானே ஒரு எலிக்கதை எழுதிவிட்டார். அதற்குப் படம் வரைய, பீட்டர் ஃபர்மின் என்ற ஓவிய ஆசிரியரைச் சம்மதிக்க வைத்தார். இந்த நட்பு, வாழ்நாள் முழுதும் நீடித்தது!

இரண்டு பேர், ஒரு கொட்டகை

கேன்டர்பரி நகரத்துக்குப் பக்கத்தில் பிளீன் என்ற கிராமம். அங்கே ஃபர்மின் வீட்டில், மாடுகள் இல்லாமல் சும்மா கிடந்த கொட்டகைதான் இவர்களின் ஸ்டூடியோ! 1959ல் தொடங்கிய அந்த நிறுவனத்துக்கு, 'ஸ்மால்ஃபிலிம்ஸ்' என்று பெயர் வைத்தனர். 'சின்னப் படங்கள்' என்று பொருள்.

ஃபர்மின் பொம்மை செய்வார், ஓவியம் தீட்டுவார். ஆலிவர் கதை எழுதுவார். பொம்மையை இம்மியளவு நகர்த்துவார். கேமராவில் ஒரு படம் எடுப்பார். மறுபடி நகர்த்துவார், மறுபடி ஒரு படம்! டிவியில் ஒரு விநாடி ஓடுவதற்கு, 25 சட்டங்கள் தேவை. இப்படி, நாள் முழுதும் உழைத்தால் 2 நிமிடப் படம் கிடைக்கும். பெரிய ஸ்டூடியோக்களோடு ஒப்பிட்டால், இதுவே அசுர வேகம்!

ஐவோர் என்ற ரயில் என்ஜினின் கதையை முதலில் எடுத்தனர். பாடகர் குழுவில் சேர்ந்து பாட வேண்டும் என்பது அந்த என்ஜினின் ஆசை. அது மலைப்பாதையில் 'புஸ்... புஸ்...' என்று போகும் சத்தத்துக்காக, ரயில் நிலையத்துக்கு எல்லாம் போகவில்லை. ஆலிவரே வாயால் எழுப்பிய சத்தம் அது!

விசிலில் பேசும் மொழி

1969 ஜூலையில், மனிதன் முதன்முதலாக நிலவில் கால் வைத்தான். அதே ஆண்டு நவம்பரில், பி.பி.சி.,யில் 'கிளாங்கர்ஸ்' தொடங்கியது. நிலவு போன்ற குட்டிக் கோளில், பள்ளங்களுக்குள் வாழும் எலி மாதிரியான ஜீவன்களின் கதை அது. ஃபர்மினின் மனைவி, அவற்றை இளஞ்சிவப்புக் கம்பளி நூலால் பின்னினார். பள்ளத்தை மூடியிருக்கும் உலோக மூடி, 'கிளாங்' என்று சத்தம் போடும். அதனால்தான் அந்தப் பெயர்.

சரி... வேறு கோளில் வாழ்பவை எந்த மொழியில் பேசும்? ஆலிவர் கண்டுபிடித்த விடை... விசில்! உள்ளே இருக்கும் தண்டை முன்னும் பின்னும் இழுத்தால், ஒலி ஏறி இறங்கும் விசில் அது.

வாய்க்கு வந்தபடி ஊதினாரா? அதுதான் இல்லை! ஒவ்வொரு ஜீவனும் என்ன பேசுகிறது என்பதை, முழு வசனமாக ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டார். அந்த வசனம் எப்படி ஏறி இறங்குமோ, அப்படியே விசிலில் ஊதினார். வசனத்தில் ஒரு சொல்கூட, பார்ப்பவர் காதில் விழாது. இருந்தும், ஒன்றுவிடாமல் எழுதினார்!

ஒரு காட்சியில், கதவு திறக்காமல் மாட்டிக்கொள்ளும். உடனே ஒரு கிளாங்கர் எரிச்சலில் திட்டும். எழுத்துப் பிரதியைப் படித்த பி.பி.சி.,க்காரர்கள், 'சிறுவர் நிகழ்ச்சியில் கெட்ட வார்த்தையா?' என்று ஆட்சேபித்தனராம். விசில் சத்தம் மட்டும்தானே கேட்கப் போகிறது என்றாலும், அவர்கள் கவலை தீரவில்லை!

இன்னொரு வேடிக்கையையும் ஆலிவர் எழுதியிருக்கிறார். ஐரோப்பிய ஒலிபரப்பாளர்கள் கூடிய இடத்தில், விளக்கக் குரல் இல்லாமல், வெறும் விசிலோடு இந்தப் படத்தைப் போட்டுக் காட்டினார். புரிந்ததா என்று கேட்டதற்கு, 'நன்றாக ஜெர்மன் பேசுகின்றனவே' என்றார் ஒருவர். 'இல்லை, சுவீடிஷ்தான் பேசின' என்றார் இன்னொருவர்!

காரணம் புரிகிறதா? சொல் மறைந்தாலும், அதற்குள் இருந்த கோபமும், ஆசையும், கெஞ்சலும் மறையவில்லை. எழுத்தாளர் ஆலிவர் உழைத்ததால்தான், குரல் கலைஞர் ஆலிவர் ஜெயித்தார்.

எதையும் விற்காத கடை

1974ல் வந்த 'பேக்பஸ்' தொடர், இன்னும் புகழ் பெற்றது. தொளதொளவென்ற துணிப் பூனைதான் நாயகன். ஆரஞ்சு நிறக் கோடுகள் போட்ட துணிதான் கேட்டனர். சாயம் போடும்போது நடந்த தவறால், இளஞ்சிவப்பாகிவிட்டது! அதுவே பூனைக்கு அழகாகிப் போனது.

எமிலி என்ற சிறுமியின் கடையில் இருக்கிறது இந்தப் பூனை. அந்தக் கடையில் எதையும் விற்க மாட்டார்கள். யாரோ தொலைத்த, உடைந்த பொருட்களைச் சரிசெய்து, ஜன்னலில் வைப்பார்கள். உரியவர் வந்து எடுத்துப் போகலாம். எமிலியாகப் படத்தில் தோன்றியவர், ஃபர்மினின் மகள். கதை சொல்பவர், பேக்பஸ், மரங்கொத்திப் பேராசிரியர் எனப் பல குரல்களும் ஆலிவருடையவை.

மொத்தம் 13 அத்தியாயங்கள்தான். ஆனாலும், 1999ல் பி.பி.சி., நடத்திய வாக்கெடுப்பில், மக்களின் மனங்கவர்ந்த சிறுவர் நிகழ்ச்சியாக முதலிடம் பிடித்தது!

2008 டிசம்பர் 8ல், தன் 83வது வயதில் ஆலிவர் மறைந்தார். 2015ல், 'கிளாங்கர்ஸ்' புதிதாகத் தயாரானது. அதற்குக் கதை எழுதியவர்களில் ஒருவர், ஆலிவரின் மகன் டான். இப்போதும் அவை விசிலில்தான் பேசுகின்றன!

நீங்களும் செய்து பாருங்களேன்!

'எனக்குப் பசிக்குது... சாப்பாடு எங்கே?' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே, வாயைத் திறக்காமல் 'ம்ம்ம்' என்று ஒலி எழுப்புங்கள். அடுத்து, மனதில் எதுவுமே நினைக்காமல், சும்மா 'ம்ம்ம்' சொல்லுங்கள். எதில் பசி தெரிகிறது என்று, தம்பி, தங்கையைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். சரியாகச் சொல்லிவிட்டால்... உங்களுக்குள்ளும் ஒரு குரல் கலைஞர் இருக்கிறார்!