பிறர் மனத்துயரை அறிதல்

தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பது நம் ஊர்களில் வழங்கும் பழமொழி. உடல் நோவைக் குறித்து எழுந்த இம்மொழி மனநோவுக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும். காய்ச்சலை அளக்க வெப்பமானி உண்டு. மனத்துயரை அவ்வாறு அளந்து காட்டும் கருவி இல்லை. துன்புறுபவரின் சொல்லும், முகமும், சில வேளைகளில் அவரது மௌனமுமே நமக்குக் கிடைக்கும் சான்றுகள். இச்சான்றுகளைக் கொண்டு, ‘உன் துயரை நான் அறிவேன்’ என்று கூற ஒருவருக்கு உரிமை உண்டா? இது மருத்துவத்துக்கு மட்டும் உரிய வினா அன்று. அறத்துக்கும் உரிய வினாவாகும்.

இவ்வினாவை ஆழ்ந்து ஆராய்ந்தவர்களுள் ஒருவர் ஜேர்மனிய அறிஞர் கார்ல் யாஸ்பர்ஸ் (1883–1969). ஹைடல்பேர்க் நகரின் மனநோய் மருத்துவ நிலையத்தில் பணியாற்றிய அவர், 1913 ஆம் ஆண்டில் மனநோயியல் பற்றிய பெருநூலொன்றை வெளியிட்டார். ஒன்றைக் காரணங் காட்டி விளக்குதல் வேறு, அதனை உள்நின்று உணர்தல் வேறு என்பது அந்நூலின் அடிப்படைக் கருத்துக்களுள் ஒன்று. அதே ஆண்டில், ஒருவகை மனத்தடுமாற்றத்தால் இறந்தோரின் மூளையிலே சிபிலிஸ் நோயின் கிருமி கண்டறியப்பட்டது. அத்தடுமாற்றத்துக்கு அக்கிருமியே காரணம் எனக் கூறுவது விளக்கம். மகனை இழந்த தாயொருத்தி உண்ண மறுக்கும்பொழுது எவரும் கிருமியைத் தேடுவதில்லை. அவள் நிலையில் தம்மை வைத்துப் பார்த்து உணர்கின்றனர்.

எனினும், இவ்வாறு உணர்வதற்கும் ஓர் எல்லை உண்டென்று யாஸ்பர்ஸ் கருதினார். கடுமையான மனநோயில் எழும் சில பிரமைகளை, எத்துணை முயன்றாலும் பிறர் உள்நின்று உணர முடியாது என்பது அவர் முடிபு. எல்லையை ஒப்புக்கொள்வது பணிவு. ஆனால் அப்பணிவே, ‘இவன் பேச்சில் பொருள் இல்லை’ என்று ஒருவரைக் கைவிடுவதற்குச் சாக்காகவும் அமையலாம்.

இதற்கொரு சான்று உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், புகழ்பெற்ற மனநோய் மருத்துவரான எமில் கிறெப்பலின், இளைஞன் ஒருவனை மாணவர் முன்னிலையில் நிறுத்தி வினவினார். அவன் உரத்த குரலில் தொடர்பற்றவை போலத் தோன்றும் சொற்களைப் பேசினான். வினாக்கள் அவனுக்கு விளங்கியபோதிலும், பயனுள்ள செய்தி எதனையும் அவன் தரவில்லை என்று மருத்துவர் எழுதி வைத்தார். 1960 இல் ஸ்கொத்லாந்து மருத்துவர் ஆர். டி. லெயிங் அக்குறிப்பை மீண்டும் எடுத்துப் படித்தார். அவ்விளைஞன் தன்னை வினவுபவரின் பேச்சையே நடித்துக் காட்டுகிறான். பலர் முன்னிலையில் காட்சிப் பொருளாக நிற்க வைக்கப்பட்டதை எதிர்க்கிறான் என்பது லெயிங் கண்ட பொருள்.

ஒருவர் பொருளற்றதென ஒதுக்கிய பேச்சில் இன்னொருவர் மனிதனின் குரலைக் கேட்டார். ஆயினும் லெயிங் அவ்விளைஞனை நேரிற் கண்டவர் அல்லர். தாம் கண்ட பொருள் சரிதானா என்று அவனிடம் கேட்கும் வாய்ப்பு அவருக்கு இருக்கவில்லை. ஆகவே, அந்தப் பரிவு மிகுந்த விளக்கமும் ஊகமாகவே நின்றுவிட்டது.

அன்றாட வாழ்வில் நமக்கு அவ்வாய்ப்பு உண்டு. துயருற்றவர் பெரும்பாலும் நம் எதிரிலேயே இருக்கின்றார். அவ்வாறிருந்தும், ‘எனக்கும் இப்படித்தான் நேர்ந்தது’ என்று தொடங்கி, அவர் துயரை விட்டு நம் கதையைச் சொல்லிவிடுகிறோம். அல்லது, ‘இதற்கெல்லாம் அழுவதா?’ என்று அவர் வாயை அடைத்துவிடுகிறோம். முதலாவது அறிந்ததாக எண்ணும் செருக்கு; இரண்டாவது அறிய மறுக்கும் சோம்பல். இரண்டினாலும் துன்புறுபவர் முன்னிலும் தனியராகின்றார்.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழி கடினமானதன்று. முதலில் அவர் சொல்வதை முழுவதும் கேட்டல் வேண்டும். பின்னர், ‘நான் இவ்வாறு விளங்கிக்கொண்டேன், சரிதானா?’ என்று அவரையே வினவல் வேண்டும். அவர், ‘இல்லை’ என்றால், அம்மறுப்பை ஏற்றல் வேண்டும். தம் துயரைப் பற்றிய தீர்ப்பில் அவருக்கும் பங்குண்டு. அவர் நம்பிச் சொன்னதை அயலாருக்கு உரைத்தலும் தகாது. வைத்தியரின் துணை தேவையெனத் தோன்றின், அதனை மறையாது சொல்லி உடன் செல்லலாம். அவர் நிலை நமக்கு விளங்காதபோது, விளங்கவில்லை என்பதை ஒப்புக்கொண்டு அவர் அருகில் இருக்கலாம். அருகில் இருப்பதற்கு முழுதும் விளங்கியிருத்தல் வேண்டுமென்பதில்லை.